பிரபுக்களும் உண்டாங்குகளும்: நாடாளுமன்றம் பிறந்த கதையை நெகிரி செம்பிலானிலிருந்து படிப்போம்

‘நாடாளுமன்ற முறை நமக்கு எங்கிருந்து வந்தது?’ என்று படிவம் ஐந்து மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ‘பிரிட்டிஷ்காரங்ககிட்ட இருந்து, சார்’ என்று உடனே பதில் வரும். தப்பில்லை. ஆனால் அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. பிரிட்டிஷ்காரர்களுக்கு அது எங்கிருந்து வந்தது? அவர்கள் இங்கே வருவதற்கு முன்னால், ஓர் அரசரைத் தேர்ந்தெடுக்கவும் அவர் அதிகாரத்துக்கு வேலி போடவும் இந்த மண்ணிலேயே ஒரு முறை இருந்ததே, அது என்ன ஆனது?

சிரம்பான், போர்ட்டிக்சன், ரந்தாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த மாணவர்களுக்கு இந்த இரண்டாவது கேள்வி தூரத்துக் கேள்வி இல்லை. பள்ளிக்குப் போகும் பேருந்து கடந்து போகிற ரெம்பாவ், ஜெலுபு, ஜொகோல் என்கிற பெயர்ப் பலகைகள்தான் அதற்கான பதில். ஆகவே இரண்டு கதைகளையும் சேர்த்தே படிப்போம். முதலில் இங்கிலாந்து.

1215 ஜூன் 15. தேம்ஸ் ஆற்றங்கரையில் ரன்னிமீட் என்ற புல்வெளி. ஜான் மன்னர் ஒரு சாசனத்துக்கு முத்திரை வைக்கிறார். அதுதான் மாக்னா கார்ட்டா. அவராக விரும்பி வைக்கவில்லை. 1204இல் நார்மண்டியைப் பிரெஞ்சு மன்னரிடம் இழந்தார். அதை மீட்க ஆண்டுக்கு ஆண்டு பணம் கேட்டார். போருக்கு ஆள் அனுப்பாத பிரபுக்கள் அதற்குப் பதிலாகக் கட்ட வேண்டிய ‘ஸ்கூட்டேஜ்’ என்ற வரியைத் திரும்பத் திரும்ப விதித்தார். 1214இல் பூவின் போரில் அவருடைய கூட்டாளிகள் தோற்றார்கள். பணமும் போச்சு, நிலமும் போச்சு. பிரபுக்கள் பொறுமை இழந்து லண்டனைப் பிடித்தார்கள். மன்னருக்கு வேறு வழி இல்லை.

சாசனத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட விதிகள். தேர்வுக்கு மூன்று போதும். 12ஆம் விதி: நாட்டின் பொது ஆலோசனை இல்லாமல், வழக்கமான சில உதவிகளைத் தவிர, வரி கேட்கக் கூடாது. 39ஆம் விதி: சட்டப்படியான தீர்ப்பு இல்லாமல் சுதந்திர மனிதன் எவனையும் சிறைபிடிக்கக் கூடாது. 61ஆம் விதி: மன்னர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாரா என்று பார்க்க 25 பிரபுக்கள் கொண்ட குழு, காப்பாற்றாவிட்டால் அவருடைய கோட்டைகளையும் நிலங்களையும் அவர்கள் பறிமுதல் செய்யலாம். மூன்றிலும் மிகக் காரமானது இந்தக் கடைசி விதிதான். அதனால்தானோ என்னவோ, அதுதான் முதலில் செத்தது. சில வாரங்களிலேயே போப்பாண்டவர் மூன்றாம் இன்னொசென்ட் சாசனம் செல்லாது என்று அறிவித்துவிட்டார். உள்நாட்டுப் போர் மூண்டது. 1216 அக்டோபரில் ஜான் இறந்தார். ஒன்பது வயது மகன் மூன்றாம் ஹென்றியின் பெயரில் சாசனத்தைத் திரும்ப வெளியிட்டபோது 12ஆம் விதியையும் 61ஆம் விதியையும் எடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் மாணவர்கள் குழம்புவார்கள். ‘வரி பற்றிய விதியையே எடுத்துட்டாங்கன்னா, அப்புறம் நாடாளுமன்றம் எப்படி வந்துச்சு?’ நல்ல கேள்வி. விதி போனாலும் பழக்கம் நின்றுவிட்டது. 1225இல் ஹென்றிக்குப் பணம் தேவைப்பட்டது. சாசனத்தை மறுபடி உறுதி செய்தார்; பதிலுக்கு நாட்டில் அசையும் சொத்துகளில் பதினைந்தில் ஒரு பங்கு வரியாகக் கிடைத்தது. நீ உரிமை கொடு, நான் பணம் தருகிறேன். இந்தப் பேரம்தான் நாடாளுமன்றத்தின் கரு. ‘பார்லிமெண்ட்’ என்ற சொல்லின் வேரும் ‘பேசு’ என்ற பிரெஞ்சுச் சொல்தான்.

வகுப்பில் இதை விளக்க ஒரு எளிய வழி இருக்கிறது. தோட்டத்துக் கோவில் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தலைக்கு இவ்வளவு’ என்று கமிட்டி வசூல் செய்கிறது. முதல் வருஷம் கொடுத்துவிடுவார்கள். இரண்டாம் வருஷம் தொகை கூடினால், ‘போன வருஷக் கணக்கைக் காட்டுங்க’ என்று ஒருவர் எழுந்து கேட்பார். மூன்றாம் வருஷம், ‘வசூலுக்கு முன்னாடியே கூட்டம் போடணும், எங்க லயத்துல இருந்து ரெண்டு பேர் உட்காரணும்’ என்பார்கள். கணக்கு கேட்பது, கூட்டம் கேட்பது, ஆள் அனுப்புவது: இங்கிலாந்து இந்த மூன்று படிகளை ஏறி முடிக்க ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஆயின.

1258இல் ஆக்ஸ்ஃபர்டில் கூடிய பிரபுக்கள், 15 பேர் கொண்ட ஆலோசனைக் குழுவின் சொல்கேட்டுத்தான் ஹென்றி ஆள வேண்டும், ஆண்டுக்கு மூன்று முறை நாடாளுமன்றம் கூட வேண்டும் என்று விதித்தார்கள். ஹென்றி ஒப்புக்கொண்டு, பிறகு மீறினார். பிரபுக்களின் தலைவராக நின்றவர் சைமன் டி மான்ட்ஃபோர்ட், மன்னரின் தங்கை கணவர். 1264 மே மாதம் லூயிஸ் போரில் மைத்துனரையே சிறைபிடித்தார். 1265 ஜனவரியில் அவர் கூட்டிய நாடாளுமன்றத்தில்தான் முதன்முறையாக ஒவ்வொரு கவுண்டியிலிருந்தும் இரண்டு வீரப்பெருமக்களோடு, நகரங்களிலிருந்தும் பிரதிநிதிகள் அழைக்கப்பட்டார்கள். ஏன் அழைத்தார்? மக்களாட்சி மேல் காதலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய பிரபுக்களில் பலர் அவரை விட்டு விலகிவிட்டார்கள். ஆதரவுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1231இலேயே லெஸ்டர் நகரிலிருந்து யூதர்களைத் துரத்தியவர் அவர் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். வரலாற்று நாயகர்களைக் கோவில் சிலை மாதிரி வைத்துப் படித்தால் கட்டுரையில் மதிப்பீடு வராது.

அதே ஆண்டு ஆகஸ்டு 4ஆம் தேதி எவெஷாம் போரில் மான்ட்ஃபோர்ட் கொல்லப்பட்டார். அவரைத் தோற்கடித்தவர் இளவரசர் எட்வர்ட். அந்த எட்வர்டே மன்னராகி, 1295இல் போருக்குப் பணம் தேடியபோது, தான் கொன்றவரின் வழியையே கையில் எடுத்தார்: பிரபுக்கள், குருமார்கள், கவுண்டிப் பிரதிநிதிகள், நகரப் பிரதிநிதிகள் எல்லாரையும் அழைத்தார். ‘மாதிரி நாடாளுமன்றம்’ என்று பின்னாள் வரலாற்றாசிரியர்கள் பெயர் வைத்தது இதற்குத்தான்.

சரி, இப்போது நம் மாநிலத்துக்கு வாருங்கள்.

நெகிரி செம்பிலானில் அரசருக்கு முன்னால் லுவாக் இருந்தது. லுவாக் என்றால் ஒரு தலைவரின் கீழ் இருக்கும் நிலப்பகுதி. சுமத்ராவின் மினாங்கபாவ் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள், அடாட் பெர்பாத்தே என்ற தாய்வழி மரபோடு வந்தார்கள். அதிகாரம் கீழிருந்து மேலே போகும். குடும்பக் கிளைகள் ஒருமித்து ‘புவாபாக்’கைத் தேர்ந்தெடுக்கும்; புவாபாக்குகள் ஒருமித்து குலத்துக்கு ‘லெம்பாகா’வை; லெம்பாகாக்கள் ஒருமித்து லுவாக்குக்கு ‘உண்டாங்’கை; உண்டாங்குகள் ஒருமித்து அரசரை. ஒவ்வொரு படியிலும் ‘ஒருமித்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இது கைதூக்கிப் பெரும்பான்மை எண்ணுகிற முறை இல்லை. எல்லாரும் ஒத்துவரும் வரை பேசுகிற முறை.

18ஆம் நூற்றாண்டில் ஜொகூர் அரசு தளர்ந்து, பூகிஸ் தலைவர்களின் நெருக்குதல் கூடியபோது, லுவாக் தலைவர்கள் தங்களுக்கென ஓர் அரசரைத் தேடி மினாங்கபாவுக்கு ஆள் அனுப்பினார்கள். பாகாருயோங்கிலிருந்து வந்த ராஜா மெலேவார் 1773இல் ரெம்பாவிலுள்ள பெனாஜிஸில் அரியணை ஏற்றப்பட்டார். அவருக்குப் பின் ராஜா ஹீத்தாம், அவருக்குப் பின் ராஜா லெங்காங். இருவரும் மினாங்கபாவிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களே. லெங்காங்கின் மகன் ராடினிலிருந்துதான் ஒரே குடும்பத்துக்குள் அரியணை தங்கியது. அரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜொகோல், ரெம்பாவ் ஆகிய நான்கு லுவாக்குகளின் உண்டாங்குகளுடையது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘உண்டாங் என்றால் ஆங்கிலப் பிரபு மாதிரி’ என்று எழுதிவிட்டு மாணவர்கள் நகர்ந்துவிடுவார்கள். மாதிரிதான், ஆனால் தலைகீழ். ஆங்கிலப் பிரபு தன் நிலத்தை மன்னரிடமிருந்து பெற்றவன். மன்னர் முதலில், பிரபு பிறகு. அதனால்தான் மன்னரைக் கட்டுப்படுத்த அவனுக்கு ஒரு சாசனமும், ஒரு கலகமும் தேவைப்பட்டன. உண்டாங்குக்கு அதிகாரம் வந்தது கீழே இருக்கும் குலங்களிடமிருந்து. நிலம் குலத்துடையது, லுவாக்குக்குள் நுழைந்து வரி விதிக்கும் அதிகாரம் அரசருக்குக் கிடையாது. ஜானிடம் வாள்முனையில் கேட்டு வாங்கியதை, இங்கே அரசர் வருவதற்கு முன்பே வழக்கமாக வைத்திருந்தார்கள். இந்த ஒரு வேறுபாட்டை எழுதினாலே விடை வேறு தரத்துக்குப் போய்விடும்.

அப்படியானால் நெகிரி செம்பிலானில் சண்டையே இல்லையா? இருந்தது. ஒருமித்து வராத இடத்தில் வெடித்தது. 1869இல் யம்துவான் இமாம் இறந்தபோது அடுத்தவர் யார் என்பதில் லுவாக்குகள் ஒத்துப்போகவில்லை. துங்கு அந்தா ஒரு பக்கம், துங்கு அகமட் துங்கால் ஒரு பக்கம். அந்தா 1872இல் யம்துவான் ஆனார். எல்லா லுவாக்கும் அவரை ஏற்கவில்லை. இதற்கிடையில் சுங்கை ஊஜோங்கில் வேறொரு நெருப்பு. ஈயம் லிங்கி ஆற்றின் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். ஆற்றில் சுங்கம் வசூலிப்பது யார், ஈய வருமானம் யாருக்கு என்று டத்தோ கிளானாவுக்கும் டத்தோ பண்டாருக்கும் போட்டி. 1874 ஏப்ரலில் டத்தோ கிளானா சையட் அப்துல் ரஹ்மான், ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க்கோடு ஒப்பந்தம் செய்து பிரிட்டிஷ் கொடியை வாங்கினார். டத்தோ பண்டார் குலோப் துங்கால் ஏற்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் படை வந்தது. டத்தோ பண்டார் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். 1875 டிசம்பரில் யம்துவான் அந்தாவின் ஆட்களுக்கும் பிரிட்டிஷ் படைக்கும் புக்கிட் பூத்துஸ் கணவாயில் போர் நடந்தது. சிரம்பானிலிருந்து கோலப்பிலா போகும் பழைய மலைப்பாதையின் வளைவுகளில் வண்டி ஏறி இறங்கியவர்களுக்கு அந்த இடம் தெரியும். அந்தா தோற்றார். 1876 நவம்பரில் செய்த ஒப்பந்தப்படி, ஸ்ரீ மெனாந்தியைச் சுற்றியிருந்த சிறு லுவாக்குகளுக்கு மட்டும் யம்துவானாகத் திரும்பினார்.

ஜெலுபுவில் நடந்தது இன்னும் சுவையானது, பாடநூல்களில் அதிகம் பேசப்படாதது. அந்த லுவாக்குக்குத் தனியாக ஒரு யம்துவான் இருந்தார். 1880களில் கடைசி யம்துவான் இறந்ததும், அந்தப் பதவியே இனி வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள். உண்டாங் மட்டும் போதும் என்றாகிவிட்டது. ஆங்கிலப் பிரபுக்கள் அந்த அளவுக்குத் துணியவில்லை!

துண்டு துண்டாகக் கிடந்த லுவாக்குகள் 1889இலும் 1895இலும் படிப்படியாக இணைந்தன. 1898இல் நான்கு உண்டாங்குகளும் அந்தாவின் மகன் துவாங்கு முகமதுவை முழு மாநிலத்துக்கும் யாங் டி-பெர்துவான் பெசாராக ஏற்றார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பழைய மரபு திரும்பிவிட்டது. உண்மையில், வரி, நிலம், சாலை, ரயில் எல்லாம் அதற்குள் ரெசிடெண்டின் மேசைக்குப் போய்விட்டன. சடங்கு மிஞ்சியது, பணப்பெட்டி போய்விட்டது. இங்கிலாந்தில் நடந்ததற்கு இது நேர் எதிர். அங்கே பணப்பெட்டியின் சாவியைப் பிடித்ததால்தான் நாடாளுமன்றம் வளர்ந்தது.

இனி நம்மவர்களைப் பற்றி. 1880களில் சுங்கை ஊஜோங்கில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1891இல் சிரம்பான்-போர்ட்டிக்சன் ரயில்பாதை திறந்தது. காப்பி போய் ரப்பர் வந்தது. ரந்தாவ் பக்கத்து லின்சம் போன்ற பெயர்கள் அந்தக் காலத்திலிருந்தே வருபவை. கப்பலில் வந்த தமிழர் எந்தக் குலத்திலும் இல்லை, எந்த லுவாக்கிலும் இல்லை. அவர்களுக்கு லெம்பாகா கிடையாது. மேலே துரை, நடுவில் கிராணி, கீழே கங்காணி. அதிகாரம் மேலிருந்து கீழே மட்டுமே வந்தது. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான் பிரதிநிதித்துவம்.

இந்த இடத்தில் மாக்னா கார்ட்டாவின் 39ஆம் விதியைத் திரும்பப் படியுங்கள். ‘சுதந்திர மனிதன்’ என்கிறது. 1215இல் ஆங்கிலேய உழவர்களில் பெரும்பகுதியினர் ‘வில்லன்’ எனப்பட்ட பண்ணையடிமைகள். பண்ணையை விட்டு அனுமதியில்லாமல் போக முடியாதவர்கள். அவர்களுக்கு அந்த விதி பொருந்தவில்லை. 1265 நாடாளுமன்றத்திலும் அவர்களுக்கு இடமில்லை. ஒப்பந்தக்கூலி முறை நமக்கு 1910இல் ஒழிந்தது. அதுவரை ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டுப் போவது குற்றமாக இருந்தது. இரண்டும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன். பண்ணையடிமைக்கு ஒரு துண்டு நிலமாவது கையில் இருந்தது. தோட்டத்து ஆளுக்கு அதுவும் இல்லை. ஆனால் மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘மக்களின் சம்மதம்’ என்று எழுதும்போது, எந்த மக்கள்?

1909இல் கூட்டரசு மலாய் மாநிலங்களுக்கு ஒரு கூட்டரசு மன்றம் அமைந்தது. அதில் தோட்ட முதலாளிகளுக்குக் குரல் இருந்தது. முதல் இந்தியராக வழக்கறிஞர் எஸ். வீராசாமி 1928இல்தான் உள்ளே போனார், அதுவும் நியமன உறுப்பினராக. தொழிலாளர்கள் தங்கள் கோரிக்கைகளை ஒரு பட்டியலாக எழுதி முன்வைத்தது 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தில். சம ஊதியம், பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, தவரணைகளை மூடுதல், பேச்சுரிமை, சங்கம் வைக்கும் உரிமை ஆகியவற்றோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தவும் கேட்டார்கள். சிலர் சிரிப்பார்கள், சைக்கிளா பெரிய விஷயம் என்று. மாக்னா கார்ட்டாவிலும் ஆற்றில் மீன்பிடி வேலிகளை அகற்றுவது பற்றி ஒரு விதி இருக்கிறது. சாசனங்கள் அப்படித்தான், அன்றாடம் உறுத்துவது பெரிய உரிமைகளோடு ஒரே தாளில் உட்கார்ந்திருக்கும். பட்டியலுக்குக் கிடைத்த பதில் துப்பாக்கிச் சூடு. தலைவர் ஆர்.எச். நாதன் நாடுகடத்தப்பட்டார்.

போருக்குப் பின் நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியவர் பி.பி. நாராயணன். மாநிலவாரியாக இருந்த சங்கங்கள் 1954இல் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. சங்கம் என்றால் சந்தா. சந்தா கட்டியவர் கணக்கு கேட்கலாம், கிளைத் தலைவருக்கு ஓட்டுப் போடலாம். பொதுத்தேர்தலில் ஓட்டுப் போடுவதற்கு முன்பே ஓட்டுப் போடப் பழகிய தோட்டத்து ஆட்கள் பலர், பழகியது இங்கேதான். 1955 தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இந்தியர்கள் மிகச் சிலரே. குடியுரிமை விதிகள் அப்படி இருந்தன. 1957இல் விதிகள் தளர்ந்த பிறகுதான் நிலைமை மாறியது.

அந்த 1957இல் இரண்டு கதைகளும் ஒரே அரசியலமைப்புக்குள் வந்து சேர்ந்தன. பேரரசரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மன்னர்கள் மன்றம் தேர்ந்தெடுக்கிறது. அரசரைத் தேர்ந்தெடுப்பது என்ற நெகிரி செம்பிலான் வழக்கத்தின் சாயல் இதில் தெரிவதைப் பலரும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். 1957 ஆகஸ்டு 3ஆம் தேதி முதல் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மான்தான். அவர் முகம் தெரியாது என்று எந்த மாணவரும் சொல்ல முடியாது. ரிங்கிட் நோட்டில் இருப்பவர் அவர்தான். இன்னொரு பக்கம், 96ஆம் பிரிவு: கூட்டரசுச் சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் கூட்டரசுக்காக எந்த வரியும் விதிக்க முடியாது. 1216இல் வெட்டி எறிந்த 12ஆம் விதியின் பேரப்பிள்ளை அது. உண்டாங்குகளின் தேர்வுரிமையும் ஏட்டோடு போய்விடவில்லை. 1959ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பில் அது எழுத்தில் இருக்கிறது. 1967இல் துவாங்கு முனாவிர் மறைந்தபோது, அவர் மகனுக்குப் பதிலாகத் தம்பி துவாங்கு ஜாபாரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2008 டிசம்பரில் துவாங்கு ஜாபார் மறைந்தபோது, அவருடைய பிள்ளைகளுக்குப் பதிலாக, அன்று வாய்ப்பு நழுவிய துவாங்கு முனாவிரின் மகன் துவாங்கு முக்ரிஸைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எஸ்டிபிஎம், எஸ்பிஎம் மாணவர்களுக்கு ஒரு சொல். விடையை மலாய் மொழியில்தான் எழுதப்போகிறீர்கள். ஆகவே லுவாக், லெம்பாகா, உண்டாங், மஜ்லிஸ் ராஜா-ராஜா ஆகிய சொற்களை அப்படியே மனத்தில் வையுங்கள். ஆண்டுகளில் 1215, 1258, 1265, 1295 ஒரு வரிசை. 1773, 1874, 1898, 1957 இன்னொரு வரிசை. இரண்டையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். ஆசிரியர்கள் பயிற்சிக்கு இந்தக் கேள்வியைக் கொடுக்கலாம்: ‘மன்னரின் அதிகாரத்துக்கு எல்லை வகுப்பதில் ஆங்கிலப் பிரபுக்களின் வழியும் நெகிரி செம்பிலான் உண்டாங்குகளின் வழியும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன?’ இருபது நிமிடம் கொடுங்கள். விடைத்தாளைத் திருத்தும்போது, வெளியே நின்றவர்களைப் பற்றி, அதாவது பண்ணையடிமைகளையோ தோட்டத் தொழிலாளர்களையோ பற்றி, ஒரு பத்தியாவது எழுதியவர் யார் என்று பாருங்கள். அந்தத் தாளை வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.